பாரமானதை நடுவில் வை

இளையதம்பி மண்டூர்த் துறையில் பாதை ஓட்டுகிறவர். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டுத் தெருவைத் தேடுவார்கள். இங்கே பாதை தண்ணீரில் மிதப்பது. இரும்பு மிதவைகளின் மேல் பலகை அடித்து, மோட்டார் பூட்டி, மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் நடுவில் வாவியைக் கடக்கிற சாமான். மோட்டார் சைக்கிள்கள், நெல் மூட்டைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சில நாள் மணப்பெண், சில நாள் பிணம் என்று எல்லாம் அதில் ஏறும். இருபத்தொன்பது வருடமாக நாளுக்குப் பதினாறு தடவை பயணம் போயும் எங்கும் போகாத மனிதர் அவர். கொழும்பைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுவும் கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் மங்கலாகத்தான் பார்த்தார்.

பயணிகளிடம் அவர் சொல்வது இரண்டே வார்த்தை. "ஓரத்தில நிக்காதங்க." "பாரமானத நடுவில வையுங்க." மிச்ச நேரமெல்லாம் வாய் பூட்டிக் கிடக்கும். ஆனால் வைகாசியில் அம்மன் கோயில் சடங்கு தொடங்கி, கையில் உடுக்கை வந்துவிட்டால், எட்டு நாளைக்கு அந்த வாய் மூடாது. ஊரில் அவரைவிட நன்றாக உடுக்கடிக்க ஆளில்லை என்பது ஊர் சொல்வது. அவரைவிடப் பிடிவாதக்காரர் இல்லை என்பது வீடு சொல்வது. இரண்டும் உண்மைதான்.

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சோற்றைப் போட்டுவிட்டு, அவர் மனைவி புஸ்பம் ஒரு காரியம் கேட்டாள்.

"ஞாயிற்றுக்கிழம தனுஷா புள்ள ஆக்கள் வந்து செட்டக் கொண்டுபோப்போகுதுகள். அதுக்கு முதல் ஒருக்கா அதக் கூட்டி வையுங்க. அவன் வெச்ச மாதிரியே வையுங்க. பாத்திட்டுக் குடுக்கிறன்."

"அதப்பத்தி எனக்கென்ன தெரியும்?"

"ஆறு வருசம் இந்த வீட்டுக்குள்ளதானே கிடந்திச்சி. நீங்களும் இஞ்சதானே கிடந்திங்க."

இளையதம்பி சோற்றைப் பிசைந்தார். 

செட் என்றது ட்ரம் செட்டை. அவர்களின் ஒரே மகன் நிலோஜனுடையது; தனுஷா அவன் வாசித்த இசைக்குழுக்காரி. நிலோஜன் இறந்து ஒரு வருடமும் பதினொரு நாளும். இருபத்தைந்து வயது. களுவாஞ்சிகுடியில் ஒரு கலியாண வீட்டில் வாசித்துவிட்டு, சாமான்களைச் சின்ன லொறியில் ஏற்றிவிட்டு, பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தான். மழை. தெருவின் நடுவில் ஒரு மாடு படுத்திருந்தது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. லொறியில் வந்த சாமானுக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. காலையில் முதல் பாதையில் அதை ஏற்றிக்கொண்டு வந்தவர் இளையதம்பிதான். அவர் மகனை ஏற்றிவந்தது அன்றைய எட்டாவது பயணத்தில்.

அதற்குப் பிறகு செட் பைகளுக்குள்ளேயே கிடந்தது. பின்னேரங்களில் புஸ்பம் அவன் அறைக்குள் போவாள். ஒரேயொரு பையின் வாரை மட்டும் இழுத்து ஒரு ட்ரம்மை வெளியே எடுப்பாள். மடியில் வைத்து அதன் மேல் தோலைப் பார்ப்பாள். வெள்ளைப் பூச்சுப் பூசிய தோல். அதில் உள்ளங்கை அளவு இடத்தில் பூச்சுத் தேய்ந்து சாம்பல் நிறம் தெரியும். ஆறு வருடம் அவன் தடி விழுந்து விழுந்து தேய்ந்த இடம். அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பாள். பிறகு பையை மூடிவிட்டு வந்து இடியப்பத்துக்கு மாக்குழைப்பாள். இளையதம்பி இதைக் கண்டும் காணாதவர் போல இருந்தார். அந்தக் கலையில் அவருக்கு நல்ல பயிற்சி.

ஏனென்றால் அந்த ஆறு வருடமும் அப்பனும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வளவு, ஒரே கிணறு. "சோறு திண்டிட்டானா எண்டு கேளு" என்று இவர் புஸ்பத்திடம் சொல்வார். "திண்டிட்டன் எண்டு சொல்லுங்கம்மா" என்று அவன் அடுத்த அறையிலிருந்து சத்தமாகச் சொல்வான். இருவருக்கும் நன்றாகக் கேட்கும். நடுவில் புஸ்பம் தபால்காரி.

சண்டை உடுக்கில் தொடங்கியது. நிலோஜனுக்கு ஒன்பது வயதில் இளையதம்பி அவன் கையில் உடுக்கைக் கொடுத்தார். பிள்ளை அதை வலக்கையில் பிடித்துக்கொண்டு இடக்கையால் அடித்தான். நன்றாகத்தான் அடித்தான். ஆனால் அம்மனுக்கு முன்னால் இடக்கையால் அடிக்கலாமா? இளையதம்பி தன் சால்வையால் பிள்ளையின் இடக்கையை இடுப்போடு சேர்த்துக் கட்டினார். பின்னேரம் பின்னேரமாக மூன்று மாதம். இடக்கை மறந்துவிட்டது என்று அவர் நினைத்தார். பிள்ளை வலக்கையால் அடித்தான், ஒழுங்காக, தாளம் தப்பாமல். பார்த்தவர்களுக்கு யாரோ அவனுக்குள்ளிருந்து எண்ணிக்கொண்டிருப்பது போல இருந்தது. பதினெட்டு வயதில், சடங்குக்குக் கோயில் கதவு திறக்க நாலு நாள் இருக்கையில், "நான் இனி அடிக்க மாட்டன்" என்று உடுக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மட்டக்களப்பு நகரத்துக்குப் போய் ஓர் இசைக்குழுவில் சேர்ந்தான். அடுத்த வருடம் ட்ரம் செட்டோடு வந்தான்.

அதுவும் பாதையில்தான் வந்தது. எத்தனையோ பை, எத்தனையோ இரும்புக் கால். அந்த வயிறு பெருத்த ட்ரம்மைத் தூக்கிக்கொண்டு நிலோஜன் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். இளையதம்பி மோட்டாரைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற மீன் வியாபாரியிடம், "பாரமானத நடுவில வைக்கச் சொல்லு" என்றார். அந்தச் செட்டைப் பற்றி மகனுக்கு அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. கெட்ட வார்த்தையும் ஒன்றுண்டு. முதல் நாள் வாசித்தபோது முற்றத்தில் நின்று, "காலால அடிக்கிறதெல்லாம் ஒரு வாத்தியமா?" என்று கேட்டார். உள்ளே சத்தம் நின்றது. பிறகு கதவு சாத்தப்பட்டது. பிறகு சத்தம் தொடர்ந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தக் கதவைத் திறந்துகொண்டு இளையதம்பி போனார். கையில் ஃபோன். புதிதாகப் பழகுகிறவர்களுக்காக யாரோ ஒரு பெடியன் விளக்கம் சொல்லும் படம் ஓடிக்கொண்டிருந்தது. பெடியன் சிரித்துச் சிரித்துச் சொன்னான். இளையதம்பி பாடசாலைப் பிள்ளை போலச் சப்பாணி கட்டி உட்கார்ந்து கேட்டார்.

முதலில் பேஸ் ட்ரம். நெல் அவிக்கும் கிடாரத்தைப் பக்கவாட்டில் சரித்து வைத்தது போல இருந்தது. அதன் காலடியில் பெடல். மிதித்தால் ஒரு பஞ்சுக் குண்டு போய்த் தோலில் மோதும். பூட்டிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வெறுங்காலால் மெதுவாக மிதித்தார். தும். நெஞ்சுக்குள் கேட்டது. காலை எடுத்துவிட்டு, பழக்கத்தில், பேஸ் ட்ரம்மைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதன் முதுகில் இரண்டு சின்ன டொம். தனக்கென்று மூன்று கால் வைத்துக்கொண்டு தனியாக நிற்கும் பெரிய டொம் ஒன்று. முழங்கால்களுக்கு நடுவில் வைக்கிற ஸ்னேர், புஸ்பம் மடியில் வைப்பது. கவிழ்த்துப் பார்த்தால் அதன் அடித்தோலில் சுருள் கம்பிகள். பிறகு ஹைஹெட்: வாயோடு வாய் பார்த்து இரண்டு பித்தளைத் தட்டுகள், மிதித்தால் மூடும், விட்டால் திறக்கும். ஓங்கி அடிக்க ஒரு தட்டு, ஓடவிட்டு அடிக்க ஒரு பெரிய தட்டு. கடைசியில் உட்காரும் வட்டக் கதிரை. அதன் உயரத்தை அவர் தொடவில்லை. உட்கார்ந்தபோது கால் நிலத்தில் பாதிதான் பட்டது. மகன் தன்னைவிட இவ்வளவு உயரம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

எல்லாம் பூட்டியாகிவிட்டது. ஆனால் செட்டுக்கு அடியில் விரித்த தரை விரிப்புடன் அது பொருந்தவில்லை. நிலோஜன் அந்த விரிப்பில் ஒவ்வொரு காலும் நிற்க வேண்டிய இடத்தில் மஞ்சள் டேப் ஒட்டி வைத்திருந்தான். படத்துப் பெடியன் மூன்று கால் டொம்மை வலப்பக்கம் வைக்கச் சொன்னான். மூன்று கால் அடையாளமோ இடப்பக்கம் இருந்தது. இளையதம்பி விரிப்பைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். இப்போது வாசிக்கிறவன் சுவரைப் பார்த்து உட்கார வேண்டியிருந்தது, அடையாளம் அப்போதும் அவனுக்கு இடப்பக்கமாகவே நின்றது. விரிப்புத்தான் பிழை என்று முடிவுகட்டி, அதைச் சுருட்டி மூலையில் வைத்தார். பிழை எப்போதும் எதிராளியிடம் இருப்பது அவருக்கு வசதி.

புஸ்பம் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது அவண்ட இல்ல."

"எல்லாச் சாமானும் இரிக்குதானே?"

"இரிக்கு. ஆனா மறுபக்கம் கிறுகிக் கிடக்கு."

"படத்தில இப்பிடித்தான் காட்டுறான்."

"படத்தில உள்ளவனுக்கு நானா தேத்தண்ணி குடுத்த?" அவள் உள்ளே வந்தாள். "தேத்தண்ணியக் கொண்டுவந்து நான் இந்த ஜன்னல் கட்டையில வைப்பன். அவன் எட்டி எடுப்பான். இப்ப நீங்க இஞ்ச இந்த மூண்டு கால வெச்சி மறிச்சிட்டிங்க. எப்பிடி எடுக்கிற?"

ஜன்னல் கட்டையில் கோப்பை வைத்து வைத்துப் பதிந்த வட்டங்கள் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக, ஆறு வருட வட்டங்கள். கட்டை வலப்பக்கம். அப்படியென்றால் டொம் இடப்பக்கம். அப்படியென்றால் ஹைஹெட் வலப்பக்கம். இளையதம்பி தடிப் பையை அவிழ்த்தார். தடிகளில் பாதி நடுவில் எலி கறும்பியது போலச் செதில் செதிலாகச் சிதைந்திருந்தன, மறுபாதி அவ்வளவு சிதையவில்லை. சிதைந்த தடியின் பிடியில் இடக்கைப் பெருவிரல் அழுத்திய அழுக்கு இருந்தது. தன் இடக்கைப் பெருவிரலை அதில் வைத்துப் பார்த்தார். சரியாக உட்கார்ந்தது.

"புஸ்பம், அவன் இடக்கையாலயா அடிச்சவன்?"

"ஓம்."

"நீ சொல்லேல்லயே."

"என்னத்தச் சொல்ற? சால்வையக் கொண்டு வருவிங்க எண்டு பயந்தம்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

சனிக்கிழமை அவர் பாதைக்குப் போகவில்லை. இருபத்தொன்பது வருடத்தில் காய்ச்சலுக்கும் கலவரத்துக்கும் மகனுக்கும் மட்டும் நின்ற வேலை. எல்லாவற்றையும் கழற்றினார். விரிப்பை மறுபடி விரித்தார். படத்தில் வலம் என்றால் இடம், இடம் என்றால் வலம் என்று ஒவ்வொன்றாக மாற்றி வைத்தார். ஒவ்வொரு இரும்புக் காலும் அதனதன் மஞ்சள் டேப்பில் போய் நின்றது. மதியம் திரும்புகையில் முடிந்துவிட்டது. புஸ்பம் கோயிலுக்குப் போயிருந்தாள். வர ஒரு மணித்தியாலமாகும்.

நின்று பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக மகன் சொன்னபடி ஒரு காரியம் செய்து முடித்திருந்தார். அந்தச் சந்தோசத்தில்தான் கெட்டது.

பார்க்கக் கேட்டவளுக்குச் சத்தமும் கேட்டால் நல்லதென்று அவருக்குத் தோன்றியது. ஸ்னேரில் தடியால் ஒரு தட்டுத் தட்டினார். டொப். மறுபடி டொப். கதவுக்கு வெளியில் நின்று ஆறு வருடம் அவர் கேட்ட சத்தம் அதுவல்ல. அது சள்ளென்று வெட்டும், கோழிகள் சிதறும். ஒரு வருடமாக வாவிக் காற்றில் கிடந்திருக்கிறது, தோல் ஈரம் குடித்துத் தளர்ந்துபோயிற்று என்று அவர் நினைத்தார். தளர்ந்த தோலை என்ன செய்வது? உடுக்கடிக்கிறவனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா? முப்பத்தைந்து சடங்கில் தணலுக்கு மேல் உடுக்கைக் காட்டிக் காட்டித் தோலை முறுக்கேற்றிய கைகள் அவை. அந்தக் கைகள் தலையிடம் ஒன்றும் கேட்கவில்லை. சட்டியில் சிரட்டைத் தணல் எடுத்து, ஊதி, ஸ்னேரைக் கவிழ்த்து, ஒரு சாண் உயரத்தில் பிடித்தன.

ஆட்டுத் தோல் என்றால் இந்நேரம் மெல்ல இறுகும். இது தோலல்ல, பிளாஸ்டிக். ஒரு நாற்றம் வந்தது. நிமிர்த்திப் பார்த்தபோது நடுவில், சரியாக அந்தச் சாம்பல் நிற இடத்தில், பூச்சு இல்லாமல் மெலிந்திருந்த அந்த உள்ளங்கை அளவு இடத்தில், தோல் சுருண்டு, பொங்கி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாய் திறந்தது. சுற்றிலும் வெள்ளை அப்படியே இருந்தது.

அதை ஹைஹெட்டின் பக்கத்தில், அதற்குரிய ஸ்டாண்டில், அடையாளத்தின் மேலேயே வைத்துவிட்டு, நிலத்தில் உட்கார்ந்தார். ஒளித்துவைக்க நினைத்தார். ஓட்டையை எங்கே ஒளிப்பது?

புஸ்பம் வந்தாள். நெற்றியில் திருநீறு. வாசலில் நின்று, முதலில் முழுச் செட்டையும் பார்த்தாள். "ஓம், இதுதான். இப்பிடித்தான்," என்றாள். முகம் மலர்ந்து, மலர்ந்த மாதிரியே அழுதது. பிறகு உள்ளே வந்தாள். ஜன்னல் கட்டையைத் தொட்டாள். ஸ்னேரிடம் வந்து, பழக்கத்தில், குனிந்து பார்க்காமலே உள்ளங்கையை வைத்தாள்.

கை உள்ளே போனது.

இளையதம்பி எழும்பவில்லை. "உடுக்கெண்டு நினைச்சிட்டன் புள்ள," என்றார்.

அவள் கையை எடுத்துப் பார்த்தாள், ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது போல. அவர் திட்டுக்காகக் காத்திருந்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"சோறு போடட்டா?" என்று கேட்டாள்.

ஞாயிறு காலை தனுஷா வந்தாள். இசைக்குழுவில் பாடுகிற பெண். கூட வந்தது புதிதாகச் சேர்ந்த ட்ரம்காரன் நிதுர்ஷன், மீசை இப்போதுதான் முளைக்க முடிவெடுத்திருந்தது. அறைக்குள் நுழைந்ததும் தனுஷா நின்றுவிட்டாள். மஞ்சள் டேப், கதிரை, உயரம், எல்லாம் இருந்தபடியே. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். நிதுர்ஷனுக்கு அந்தக் கவலை இல்லை. ஸ்னேரைப் பார்த்தான்.

"இதென்ன மாமா, எலி கிலி வந்ததா?"

"தணலில காட்டினன்."

"தணல்லயா? ஏன்?"

"டொப்பெண்டு கேட்டிச்சி மனே. தோல் தளந்திட்டெண்டு நினைச்சன்."

நிதுர்ஷன் ஸ்னேரின் விலாவில் இருந்த ஒரு சின்ன விசையைக் காட்டினான். "இத மேல தட்டினாத்தான் மாமா அடியில உள்ள கம்பி தோலில முட்டும். தட்டாட்டி டொப்தான்." தட்டினான். அடித்தோலை விரலால் சுண்டினான். சர்ரென்று கேட்டது. விரல் நீளமும் இல்லாத விசை. இளையதம்பி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"யோசிக்காதங்க மாமா. இது மாத்துற சாமான்தான்." பையிலிருந்து புதுத் தோல் ஒன்றை எடுத்தான். சாவியால் நாலு திருகுத் திருகிப் பழையதைக் கழற்றினான், புதியதைப் பூட்டினான். "நிலோ அண்ணன் ஆறு வருசமா ஒண்டையே வெச்சிருந்திருக்கார். எப்பயோ மாத்தியிருக்கோணும்."

பழையதைக் குப்பைக்கென்று சுவரோடு சாத்தினான். புஸ்பம் போய் எடுத்துக்கொண்டாள்.

"மாமி, அது பழுது."

"ஓம் மனே. இரிக்கட்டும்."

இளையதம்பி சுடாமல் விட்டிருந்தால் அது செட்டோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய், ஒரு நாள் யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். அவர் நாசமாக்கியதால்தான் வீட்டில் தங்கியது. புத்திசாலித்தனமாக யோசித்தால் இதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. அவருக்கு அந்த அளவு புத்திசாலித்தனம் இல்லை. அவருக்குத் தெரிந்தது மனைவி கை வைக்க இருந்த ஒரு இடம் இனி இல்லை என்பது மட்டும்தான்.

கழற்றும்போது எல்லாச் சாமானுக்கும் அவர் பெயர் சொன்னார். "ஹைஹெட்ட மேல் தட்டோட எடுக்காத, திருகத் தளத்திட்டு எடு. பெடலத் தனியா வை." நிதுர்ஷன் தனுஷாவைப் பார்த்தான். தனுஷா கண்ணைக் காட்டி, பேசாதே என்றாள்.

பாதையில் ஏற்றினார்கள். அன்று அவருடைய முறையில்லை, ஆனாலும் மோட்டாரை அவரே எடுத்தார். பேஸ் ட்ரம் நடுவில் இருந்தது, யாரும் சொல்லாமலே. வாவி அசையாமல் கிடந்தது. தனுஷா அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு வருடமாகக் கேட்க நினைத்ததை அவர் தண்ணீரைப் பார்த்துக் கேட்டார்.

"புள்ள, அவன் என்னப்பத்தி ஏதும் கதைப்பானா?"

தனுஷா யோசித்தாள். பொய் சொல்லலாமா என்றுதான் யோசித்திருப்பாள். நல்ல பிள்ளை, சொல்லவில்லை.

"இல்ல மாமா. ஒண்டும் கதைக்க மாட்டான்." கொஞ்சம் பொறுத்து, "உங்களக் கூடாத மாதிரியும் கதைச்சதில்ல," என்றாள்.

"ம்," என்றார் இளையதம்பி.

நடு வாவியில் நிதுர்ஷன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "மாமா, நான் வலக்கைக்காரன். செட்ட மாத்தித்தான் வைக்கோணும். உங்களுக்கு மனத்தாங்கல் இல்லையே?"

"உனக்கு எந்தக் கை சுகமோ அந்தக் கையால அடி, மனே."

மோட்டார்ச் சத்தத்தில் அது சாதாரணமாகத்தான் கேட்டது. நிதுர்ஷன் "சரி மாமா" என்று போய்விட்டான். சொன்னவருக்குத்தான் அது தாமதமாக வந்து காதில் விழுந்தது. பதினேழு வருடம் பிந்தி, வேறொருவரின் பிள்ளைக்குச் சொல்லியிருந்தார். தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். வெயில் அப்படியொன்றும் ஏறியிருக்கவில்லை.

குருமண்வெளிக் கரையில் சாமான்கள் இறங்கின. திரும்பும் பயணத்துக்கு இரண்டு மோட்டார் சைக்கிளும், மாம்பழப் பெட்டியோடு ஒரு பெண்ணும் ஏறினார்கள். எல்லோரும் ஓரமாகவே நின்றார்கள். பேஸ் ட்ரம் இருந்த நடு வெறுமையாகக் கிடந்தது. இளையதம்பி யாரையும் நடுவுக்கு வரச் சொல்லவில்லை. அப்படியே மோட்டாரைத் திருப்பினார்.